கம்பியின் குற்றமா?

வீட்டு இணையத்தின் வேகம் நம் நாட்டில் வெகுவாகப் பெருகிவிட்டது என்றும், இன்னும் பெருகப் போகிறது என்றும் சர்க்கார் அறிக்கைகளும் கம்பெனி விளம்பரங்களும் சில காலமாகப் பெருமை பேசி வருவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். இது பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. வாஸ்தவத்தில் பெருகித்தான் இருக்கிறது. ஆனால் யாருக்குப் பெருகியிருக்கிறது, பெருகாதவர்களுக்கு ஏன் பெருகவில்லை, அது யார் குற்றம் என்கிற கேள்விகளை மாத்திரம் இந்தப் பெருமைக்காரர்களில் ஒருவரும் கேட்பதில்லை. ஆகவே அதை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, பெருகியது எவ்வளவு என்பதைப் பார்ப்போம். 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். என்னும் சர்க்கார் கம்பெனி பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய பட்டணங்களில் இணைய வசதியைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டது. அப்போது டெலிபோன் கம்பி வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்த வேகம் விநாடிக்கு 9.6 கிலோபிட். இந்தக் கணக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு வேறு விதமாய்ச் சொல்லுகிறோம். ஐந்து மெகாபைட் அளவுள்ள ஒரு சினிமாப் பாட்டை அந்த வேகத்தில் இறக்கினால் ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். பாட்டு ஓடுவதோ ஐந்து நிமிஷம். நடுவில் இணைப்பு அறுந்துவிட்டால் பெரும்பாலும் மறுபடியும் ஆதியிலிருந்துதான். அது இறங்கி முடிகிற வரையில் வீட்டுக்கு வேறு போன் வராது. டெலிபோன் பில் ஒரு பக்கமும் இணையக் கட்டணம் ஒரு பக்கமும் ஓடிக்கொண்டேயிருக்கும்.

பிறகு மோடங்கள் 14.4, 28.8, 33.6 என்று படிப்படியாய் ஏறி, 1998-ம் வருஷ வாக்கில் 56 கிலோபிட்டில் வந்து நின்றன. அதே பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். தனது பிராட்பேண்டை 256 கிலோபிட்டில் கொண்டு வந்தபோது இரண்டரை நிமிஷம். 2019 செப்டம்பரில் ஜியோ கம்பெனி பைபர் இணைப்பை 100 மெகாபிட் என்று சொல்லி மாதம் 699 ரூபாயும் வரியுமாக விற்க வந்தபோது, அதே பாட்டுக்கு அரை விநாடி கூட ஆகவில்லை. 9.6 கிலோபிட்டுக்கும் 100 மெகாபிட்டுக்கும் உள்ள வித்தியாசம் பதினாயிரம் மடங்குக்கு மேல். இருபத்து நான்கு வருஷத்தில் நெல் விளைச்சல் இப்படிப் பெருகியதுண்டா? ரயில் வேகம் பெருகியதுண்டா? கூலி பெருகியதுண்டா?

இவ்வளவும் எப்படி நடந்தது? ஆயுத பூஜையன்று மோடத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியதனாலா? நல்ல வேளை பார்த்து இணைப்புக் கொடுத்ததனாலா? இது நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் வேகம் விஷயமல்லாத வேறு பல விஷயங்களும் விளங்கும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

டெலிபோனுக்காக வீட்டுக்கு இழுக்கப்பட்டது இரண்டு தாமிரக் கம்பிகள். மனிதன் பேசுவது விளங்குவதற்கு விநாடிக்குச் சுமார் 3,400 அதிர்வு வரையில் அனுப்பினால் போதும் என்று கணக்குப் பண்ணி, அதற்கு மேற்பட்டதையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் வடிகட்டி வெட்டிவிட்டார்கள். மிஞ்சியதை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் எட்டு பிட்டில் எழுதினார்கள். எட்டாயிரத்தை எட்டால் பெருக்கினால் 64,000. ஒரு டெலிபோன் பேச்சுக்கு எக்ஸ்சேஞ்சு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். அதனால்தான் மோடக்காரர்கள் என்ன வித்தை செய்தும் 56 கிலோபிட்டுக்கு மேல் போக முடியவில்லை. இதைப் பார்த்த ஜனங்களும், படித்தவர்களில் பலருங்கூட, "தாமிரக் கம்பிக்குச் சக்தி அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கம்பிக்குச் சக்தி அவ்வளவுதானா? இல்லவே இல்லை. அதே கம்பியில், ஒரு முழம் கூட மாற்றாமல், எக்ஸ்சேஞ்சுக்குள் வேறு ஒரு பெட்டியையும் வீட்டில் வேறு ஒரு பெட்டியையும் வைத்து, பேச்சை வழக்கம் போல் கீழே போகவிட்டு, அதற்கு மேலே பதினோரு லட்சம் அதிர்வு வரையில் செய்தியை ஏற்றி அனுப்பினார்கள். அதற்குத்தான் ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். 56 கிலோபிட்டுக்கு மேல் ஆகாது என்று தள்ளி வைக்கப்பட்ட அந்தக் கம்பியே 8 மெகாபிட் சுமந்தது. பிறகு வந்த ரகத்தில் கிட்ட இருக்கிற வீடுகளுக்கு 24 மெகாபிட் வரையிலும் சுமந்தது. பேச்சும் நிற்கவில்லை. அப்படியானால் இத்தனை வருஷமும் அந்தச் சக்தி எங்கே இருந்தது? கம்பியில்தான் இருந்தது. அதை வெளிவரவொட்டாமல் வெட்டியது எங்கே? எக்ஸ்சேஞ்சில்.

கண்ணாடி இழையின் கதையும் இதுவேதான். கண்ணாடிக்குள் அனுப்பிய வெளிச்சம் சில கஜ தூரத்திலேயே செத்துப் போகிறது, ஆகையால் இது நெடுந்தூரச் செய்திக்கு உதவாது என்பதே அறுபது வருஷத்திற்கு முன்பு பலருடைய அபிப்பிராயம். 1966-ல் இங்கிலாந்தில் வேலை பார்த்து வந்த சார்லஸ் காவ் என்கிற சீன தேசத்து விஞ்ஞானி தமது கூட்டாளியுடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். வெளிச்சத்தைக் கொல்லுவது கண்ணாடி அல்ல, கண்ணாடியில் கலந்திருக்கிற அழுக்கு. அழுக்கை நீக்கினால் வெளிச்சம் வெகுதூரம் போகும் என்று அதில் காட்டினார். 1970-ல் அமெரிக்காவில் கார்னிங் கம்பெனியார் அப்படிப்பட்ட இழையைச் செய்தே காட்டிவிட்டார்கள். காவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரே இழை விநாடிக்கு 2,488 மெகாபிட்டைக் கொண்டு வந்து, முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு சாதாரணமாகிவிட்டது.

"உன் பிறவிக்கு இவ்வளவுதான் முடியும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு கூட்டத்தை மூலையில் உட்கார்த்தி வைத்திருந்த தேசத்தில், தாமிரக் கம்பிக்கும் கண்ணாடிக்கும் அதே மாதிரி பிறவிப் பட்டம் கட்டப்பட்டதும், அது பொய்யாய்ப் போனதும் நமக்கு ஆச்சரியமாயில்லை.

நிற்க, கம்பியின் சக்தி தெரிந்த பிறகாவது வேகம் எல்லோருக்கும் வந்ததா என்றால், வரவில்லை. ஏ.டி.எஸ்.எல்.-க்கு ஒரு குறை உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் அதிகமாக ஆக வேகம் தேய்ந்துகொண்டே போகும். நான்கைந்து கிலோமீட்டர் தாண்டினால் பேருக்குத்தான் இருக்கும். இது இயற்கை, இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எக்ஸ்சேஞ்சை எங்கே கட்டுவது என்பது இயற்கையா? டெலிபோன் வைத்துக்கொள்ளத் திராணியுள்ளவர்கள் இருந்த கடைத்தெருவுக்கும் பெரிய தெருக்களுக்கும் பக்கத்திலேதான் எக்ஸ்சேஞ்சு கட்டப்பட்டது. ஊருக்கு வெளியே குடியிருக்கும்படி முன்னமே செய்யப்பட்டிருந்தவர்களுக்குத் தூரம் தானாகவே அதிகமாய்விட்டது. ஆக, இயற்கையின் விதி ஒன்றாகவும், அதன் பலன் இரண்டாகவும் முடிந்தது.

இனி, பெயர் வைத்த விஷயத்துக்கு வருவோம். 2004-ம் வருஷம் இந்திய சர்க்கார் பிராட்பேண்டுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, விநாடிக்கு 256 கிலோபிட் வந்தால் அது பிராட்பேண்டு என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிராட்பேண்டு என்றால் அகலமான பாதை என்று பொருள். ஒற்றையடிப் பாதைக்கு ராஜபாட்டை என்று பெயர் வைத்தால் பாதை அகலமாகிவிடுமா? 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆக்கினார்கள். விளம்பரத்தில் 100, 300, 1000 மெகாபிட் என்று கூவுகிற காலத்திலே, சர்க்காருடைய அகராதியில் 2 மெகாபிட் வந்தால் போதும், அந்த வீடு பிராட்பேண்டு பெற்ற வீடு என்று கணக்கில் ஏறிவிடும். அமெரிக்காவில் 2015-லேயே 25 மெகாபிட்டுக்குக் குறைந்ததை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்றார்கள். 2024 மார்ச்சில் அதை 100 ஆக உயர்த்தினார்கள். அங்கேயும் எல்லாம் ஒழுங்காயிருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அளவுகோல் குட்டையாயிருந்தால் யாரை நிறுத்தினாலும் உயரமாகத்தானே தெரிவார்கள்?

சர்க்கார் அளவுகோலைக் குட்டையாக்கியது போலவே, கம்பெனிகள் "வரை" என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். "100 மெகாபிட் வரை" என்று எழுதுவார்கள். அதில் நூறு பெரிய எழுத்தில் இருக்கும், வரை என்பது எறும்பு அளவில் இருக்கும். ஒரு மிராசுதார் அறுவடைக்கு ஆள் கூப்பிடும்போது "கூலி பத்துப் படி வரை கொடுப்பேன்" என்று சொல்லி, சாயங்காலம் மூன்று படி அளந்துவிட்டு, "மூன்றும் பத்துக்குள் அடக்கந்தானே" என்றால் எந்தக் கூலிக்காரனாவது அதை நியாயம் என்று ஒப்புக்கொள்வானா? ஆனால் இணையத்தில் படித்தவர்கள் எல்லாரும் அதை ஒப்புக்கொண்டு மாதாமாதம் முழுப் பணம் கட்டி வருகிறார்கள். போதாக்குறைக்கு, பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஜனங்களிடம் நூறு என்று சொல்லிவிடுவது. எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் முழுசாக வந்தாலும் இறங்குவது விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான். இதில் மோசடி ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளாதவன் ஏமாறுகிறான், அவ்வளவே.

இதற்கும் மேலே "நியாயமான உபயோகம்" என்று ஒரு விதி. இவ்வளவுக்கு மேல் உபயோகித்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். இதற்கு நியாயம் என்று பெயர் வைத்த கெட்டிக்காரனை மெச்சத்தான் வேண்டும்! 2016-ல் டெலிபோன் கட்டுப்பாட்டு ஸ்தாபனத்தார் தலையிட்டு, குறைத்தாலும் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. அதற்கு முந்திய காலத்தில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரையில் இறக்குவதற்குக் கணக்கில்லை என்று ஒரு திட்டம் இருந்ததும், அதற்காக அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்த வாலிபர்கள் ஊருக்கு ஊர் இருந்ததும் நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். பகலில் கம்பி தேய்ந்துபோய் இரவில் வளர்ந்ததா என்ன?

இன்னொரு விஷயத்தை யாரும் பேசுவதே இல்லை. வேகம் என்றால் எல்லாரும் இறக்குகிற வேகத்தையே சொல்லுகிறார்கள். ஏற்றுகிற வேகம் என்ன? ஏ.டி.எஸ்.எல். என்பதிலுள்ள முதல் எழுத்துக்கே "சமமில்லாத" என்று பொருள். வருவது பெரிய வாய்க்கால், போவது சின்ன ஓடை. ஒரே கட்டாகப் போகிற பல கம்பிகளில் ஒன்றின் இரைச்சல் மற்றொன்றில் கலக்காமலிருக்கவும், வீட்டிலிருப்பவர்கள் வெளியிலிருந்து வாங்குவதே அதிகம் என்று நினைத்தும் அப்படிச் செய்தார்கள். தாமிரத்துக்கு அது ஒரு நியாயமான காரணந்தான். கண்ணாடி இழையில் அந்த இரைச்சல் இல்லை. சில கம்பெனிகள் போக்கையும் வரவையும் இப்போது சமமாகவே கொடுக்கின்றன. அப்படியிருக்க, 2023-ல் பிராட்பேண்டுக்கு அர்த்தம் சொன்ன சர்க்கார் இறக்குவதற்கு 2 மெகாபிட் என்று சொன்னார்களே ஒழிய, ஏற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அமெரிக்காவில் சொன்ன நூறோடு, ஏற்றுவதற்கு இருபது என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சினிமா பார்க்கவும் பிரசங்கம் கேட்கவும் விளம்பரம் பார்க்கவும் ஏற்றுகிற வேகம் தேவையில்லை. வாத்தியாரிடம் சந்தேகம் கேட்க, தான் எழுதியதை நாலு பேருக்கு அனுப்ப, தன் குறையைத் தானே படம் பிடித்துக் காட்ட அது வேண்டும். கேட்கிறவனாக மாத்திரம் இரு, பேசுகிறவனாக இராதே என்பது நமக்குப் புதிய உபதேசம் அல்ல. அது கம்பி வழியாகவும் வருவதுதான் புதிது.

கிராமத்துக்குப் போவோம். 2001-ம் வருஷ வாக்கில் மதுரை ஜில்லா மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், சென்னை ஐ.ஐ.டி.யில் செய்யப்பட்ட கம்பியில்லா டெலிபோன் முறையைக் கொண்டு இணையக் கடைகள் திறக்கப்பட்டன. அவற்றின் வேகம் 35, அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதே நாளில் சென்னையில் பங்களாவில் குடியிருந்த கனவான் வீட்டு மோடத்தின் வேகம் என்ன? 56 கிலோபிட். அதாவது, ஒரு சில வருஷ காலத்துக்கு மேலூர்க் கிராமத்துக் கடையும் பட்டணத்துப் பங்களாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருந்தன. கிராமத்தில் முடியாது என்பது பொய் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. பிறகு பங்களாவின் வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஓடிவிட்டது. கிராமத்துக்கு என்ன வந்தது?

2011 அக்டோபரில் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை போடுவதென்றும், இரண்டு வருஷத்தில் முடிப்பதென்றும் மத்திய சர்க்கார் தீர்மானித்தார்கள். இரண்டு வருஷம் போயிற்று, வேலை முடியவில்லை. 2015-ல் அதற்கு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டம் என்று சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டிலும் 12,525 ஊராட்சிகள் என்று கணக்கெடுத்து, அதற்கென்று ஒரு சர்க்கார் கம்பெனியே ஏற்படுத்தப்பட்டது. நாடு முழுவதிலும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்" என்று அறிக்கை சொல்லுகிறது. தயார் என்றால் என்ன? ஊராட்சி மன்றக் கட்டிடத்துக்குள் ஒரு பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே. அந்தப் பெட்டியிலிருந்து காலனித் தெருக் கடைசி வீட்டுக்கு இழை போனதா என்பது அந்த வார்த்தையில் அடங்காது. குளம் வெட்டியாகிவிட்டது, தண்ணீர் எடுக்கிறவர்கள் யார் என்பதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை என்பது போலிருக்கிறது இந்தத் தயார்.

"கையில் செல்போன் இருக்கிறதே, வீட்டுக்கு வேறு எதற்கு?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். 2016-க்குப் பிறகு செல்போன் இணையம் மலிவானதால் கோடிக்கணக்கான ஜனங்களுக்கு நன்மை உண்டானது வாஸ்தவமே, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் கொள்ளை நோயால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது என்ன நடந்தது? ஒரு வீட்டுக்கு ஒரு போன். அது தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி வந்த பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குச் சண்டை. முதலில் பையன் கையில் போகும், கடைசியில்தான் பெண்ணுக்கு. அந்தச் சமயத்தில் நாடு முழுவதிலும் கம்பி அல்லது இழை வழியாக பிராட்பேண்டு இருந்த இணைப்புகள் இரண்டு கோடிக்கும் குறைவு. இன்று நான்கு கோடிக்கு மேல் என்கிறார்கள். குடும்பங்களோ முப்பது கோடி அளவில் இருக்கின்றன. அந்த நான்கு கோடியிலும் ஆபீசுகளும் கடைகளும் சேர்த்தி.

ஸ்திரீகள் விஷயத்தில் வீட்டு இணைப்பு என்பது சௌகரியம் மாத்திரமல்ல. பிரௌசிங் சென்டர் நாட்களில், பரீட்சை முடிவு வெளியான காலையில் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றவர்கள் பையன்களே. பெண்ணின் நம்பரை அண்ணன் எழுதிக்கொண்டு போய்ப் பார்த்து வந்து சொல்லுவான். அவள் பெற்ற மார்க்கை அவளுக்கு முன்னால் தெரு முழுவதும் தெரிந்துகொள்ளும். வீட்டுக்குள் இணையம் வந்தபோதுதான் அவள் தானாகப் பார்த்தாள். 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட்டில் ஒரு வழக்குத் தீர்ப்பாயிற்று. பெண்கள் விடுதியில் குறிப்பிட்ட நேரத்தில் போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்ற விதியை ஒரு மாணவி ஒப்புக்கொள்ள மறுத்ததற்காக அவளை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அது செல்லாது, இணையத்தைப் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று கோர்ட்டார் சொன்னார்கள். அதே ராஜ்யத்தில் 2023 ஜூனில் கே-போன் என்று சர்க்காரே இழை போட்டு, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுப்பதென்று தொடங்கினார்கள். சொன்னபடி முழுதும் நடந்துவிடவில்லை. ஆனாலும் ஏழைக்கும் அது உரிமை என்று ஒரு சர்க்கார் வாயால் சொல்லியாகிவிட்டது. இனி அதைக் கேட்டு வாங்கலாம்.

"கூலிக்காரன் வீட்டுக்கு நூறு மெகாபிட் எதற்கு? சினிமா பார்க்கத்தானே?" என்பதும் நமது காதில் விழாமலில்லை. பணக்காரன் வீட்டு நூறு மெகாபிட்டில் என்ன ஓடுகிறது, வேதாந்த விசாரமா? அங்கேயும் சினிமாதான் ஓடுகிறது. இவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களுடைய பேரன்மார்தான் இன்று இதைக் கேட்கிறார்கள். பாட்டன்மாருக்குப் பதில் சொல்லியாயிற்று.

ஆகவே நாம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமல்ல. விளம்பரத்திலும் பில்லிலும் "வரை" என்பதை எடுத்துவிட்டு, எந்த நேரத்திலும் இதற்குக் குறையாது என்கிற வேகத்தைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். ஏற்றுகிற வேகத்தையும் பக்கத்திலேயே போடவேண்டும். பிராட்பேண்டு என்கிற பெயருக்கு 2 மெகாபிட் போதும் என்பதை மாற்ற வேண்டும். ஊராட்சியைத் தயார் என்று எண்ணுவதை விட்டு, வீட்டை எண்ண வேண்டும்.

இதற்குச் சென்னைக்கும் டில்லிக்கும் மகஜர் அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபை கூடும்போது தோழர்கள் எழுந்து நின்று, நமது ஊராட்சிக்கு இழை வந்த தேதி என்ன, பெட்டியில் விளக்கு எரிகிறதா, அதைப் பூட்டிவைத்த சாவி யாரிடம் இருக்கிறது, எந்தெந்தத் தெருவுக்கு இணைப்புப் போயிருக்கிறது, போகாத தெரு எது, ஏன் என்று கேட்டு, சொல்லுகிற பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலின் நகலை நமக்கு அனுப்பி வைத்தால், ஊர்ப் பெயரோடு அப்படியே பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.